மூன்றாவது தாங்கி

நிறைகுடம் தளும்பாது என்பார்கள்.
என் வேலையில் அது வேறு விதமாய் உண்மை:
நிறைந்த தாங்கி பேசாமல் கிடக்கும்.
வெறுந்தாங்கிதான் வெடிக்கும்.

எத்தனை முதலாளிமாருக்குச் சொல்லியிருப்பேன்.
"உள்ளுக்கு ஒண்டுமில்லை சேர்,
பதினாறு வருசமாக் காய்ஞ்சு கிடக்கு"
என்று மூடியைச் செருப்புக்காலால் தட்டிக் காட்டுவார்கள்.
ஒன்றுமில்லாத இடத்தில்தான் ஆவி இருக்கும் என்றால்
பேய்க்கதை சொல்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

அனுராதபுரச் சந்திக்கு அப்பால்
கைவிட்ட அந்தப் பெற்றோல் செட்.
பம்புகள் இரண்டையும் யாரோ வேரோடு பிடுங்கிப் போயிருந்தார்கள்.
விலைப்பலகையில் மட்டும் இன்னமும்
லீற்றர் ஐம்பது ரூபாய்.
காணி வாங்க வந்த கொழும்புக்காரருக்கு
என் கையெழுத்து ஒன்று தேவை.

கைத்தொலைபேசியை வாகனத்தில் விட்டேன்.
பருத்திச் சட்டை, பித்தளைச் சாவி.
இறங்கியதும் இரும்புத் தூண் ஒன்றைத் தொட்டு
உடம்பில் ஏறியிருந்த மின்னை மண்ணுக்குக் கொடுத்தேன்,
கோயில் நிலைப்படியைத் தொடுகிறவன் மாதிரி,
பக்தி இல்லை, பயம் மட்டும்.

வரைபடத்தில் தாங்கிகள் இரண்டு.
ஒன்றில் மழைத்தண்ணீர், ஒரு தவளை.
மற்றதில் சேறு. மானியின் முள் அசையவேயில்லை.
"ஹரி சேர், போவோம்" என்று
தயாவன்ச படிவத்தை மடித்துவிட்டான்.

திரும்பும்போதுதான் மானி கத்தியது.

பின்சுவரோடு ஒட்டி ஒரு தகரக் கொட்டில்,
நபீலா ராத்தாவின் ரொட்டிக்கடை.
சீமெந்துத் தரையில் மயிரளவு வெடிப்பு.
அது அடுப்பை நோக்கிப் போய்
விறகுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.
முள் பதினெட்டு. முப்பது. நாற்பத்தொன்று.
நூறுக்குப் போனால் ஒரு பொறி போதும்.

பழைய முதலாளி பிறகு தொலைபேசியில் ஒத்துக்கொண்டார்:
பாஸ் இல்லாமல் எண்ணெய் நகராத காலம்,
இரவோடு இரவாகப் புதைத்தது,
மறந்துபோனாராம்.
மறந்ததன் முதுகில் ஒன்பது வருசம்
ஒரு பெண் நாளுக்கு இருநூறு ரொட்டி சுட்டிருக்கிறாள்.

கத்தாமல் சொல்ல வேண்டும்.
தண்ணீரை வீசினால் சாம்பலோடு பொறி எழும்பும்.
ஈரச்சாக்கை மெல்ல இறக்கினேன்,
தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல.
தீயணைப்பில் எனக்கு இருபத்திரண்டு வருசம்:
துறைமுகக் களஞ்சியம், மரக்காலை,
ஒருமுறை ஆட்களோடு ஒரு பஸ்.
அணைத்ததற்காக யாரும் என்னை
இப்படிப் பார்த்ததில்லை.

"எப்ப திரும்ப மூட்டலாம், சேர்?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பின்னேரம் வரை பவுசர் தண்ணீர் இறக்கியது.
தண்ணீர் ஏற ஏற ஆவி வெளியேறி
காற்றோடு குடாப் பக்கம் போனது.
கயிற்றுக்கு அப்பால் முச்சக்கரவண்டிக்காரன் ஒருவன்
"மூணு நாள் வரிசையில நிண்டன் அண்ணை,
இது இஞ்சயே கிடந்திருக்கு" என்று
தலையில் அடித்துச் சிரித்தான்.
நானும் சிரித்திருப்பேன், சீருடை இல்லாவிட்டால்.

இரண்டு என்பதை வெட்டி மூன்று என்று எழுதினேன்.
கொழும்புக்காரர் விலையைக் குறைத்துப் பேசத் தொடங்கினார்.

ராத்தா அதற்குள் வெளியே வந்துவிட்டாள்.
காலையில் பிசைந்த மா,
அகலப் பேசின் நிறைய, ஈரத்துணி மூடி.
"இத என்ன செய்ற?" என்று
கேட்டது என்னையா மாவையா தெரியாது.
தங்கச்சி வீடு பாலையூற்றில், காஸ் அடுப்பாம்.
பேசினைத் தலையில் வைத்தாள்.

நான் கயிற்றை உயர்த்திப் பிடித்தேன்.
குனியாமல் போனாள்.